அமெரிக்கக் கலாசாலையில் ஜெர்மானிய மாணாக்கர்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை உங்கள் முன்னிலையில் ஏதேனும் பேச வேண்டுமென்று நமது காரியதரிசியவர்கள் பணித்தபோது முதலில் நான் தயங்கினேன். நான் தேச சஞ்சாரம் செய்து நூல்கள் இயற்றியவனல்லன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் சரித்திர பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற ஓர் உபாத்தியாயன். ஆயினும், 2023-ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த பென்ஸில்வேனியா மாகாணத்தில் என் மகளோடு சில மாதங்கள் தங்கியிருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவள் அங்கே ஒரு சிறு கலாசாலையில் கணித ஆசிரியை. மாணாக்கர் விடுதியின் கீழ்த்தளத்தில், ஆசிரியர் ஒருவர் குடியிருப்பதற்கென்று அமைந்த இல்லத்தில் வசித்து வந்தாள். நான் அங்கிருந்த சமயத்தில், ஜெர்மனி தேசத்திலிருந்து பதினான்கு மாணாக்கர், ஆணும் பெண்ணுமாக, நான்கு வார காலம் படிப்பதற்காக அவ்விடுதிக்கு வந்து சேர்ந்தனர். மாடியில் அவர்கள், கீழே நாங்கள். ஒரே போஜனசாலையில் உண்டோம். ஆதலால் அவர்களுடைய அன்றாட வாழ்க்கையை அருகிலிருந்து காணவும், அவர்களோடு அளவளாவவும் எனக்கு இயன்றது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

"ஜெர்மானியர் அமெரிக்காவில் படித்தால் நமக்கென்ன?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நம் குடும்பங்களிலிருந்தும் ஆண்டுதோறும் பிள்ளைகள் வெளி தேசங்களுக்குப் படிக்கச் செல்கின்றனர். அவர்கள் வகுப்பிலே கற்பது இன்னதென்று நமக்குத் தெரியும். அது பட்டப் பத்திரத்தில் அச்சாகி வருகிறது. அச்சாகாத பாடம் ஒன்று உண்டு. தங்கும் அறையிலும், உண்ணும் மேசையிலும், கடைத்தெருவிலும் கற்கின்ற பாடம் அது. அதன் தன்மையை நம் பிள்ளைகளிடம் வைத்துப் பார்ப்பது கடினம். தன் முதுகு தனக்குத் தெரியாதல்லவா? வேறொரு தேசத்துப் பிள்ளைகளிடம் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும்.

கொடுத்தலும் கொள்ளுதலும்

மாணாக்கரை ஒரு தேசத்திலிருந்து மற்றொரு தேசத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை மேனாட்டார் பரிவர்த்தனை என்னும் பொருள்படும் சொல்லாலேயே அழைக்கின்றனர். பண்டமாற்றிற் போலக் கொடுத்தலும் கொள்ளுதலும் அதில் உண்டென்பது கருத்து. இவ்விரு தேசங்களுக்குள் இது பழைய வழக்கம். 1815-ஆம் ஆண்டில் எட்வர்ட் எவரெட், ஜார்ஜ் டிக்னர் என்னும் இரண்டு அமெரிக்க இளைஞர் ஜெர்மனியிலுள்ள கெட்டிங்கன் சர்வகலாசாலையை நாடிச் சென்றனர். எவரெட் 1817-இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். 1876-இல் அமெரிக்காவில் தோன்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை, ஜெர்மானியரின் ஆராய்ச்சி முறையை முன்மாதிரியாகக் கொண்டே அமைந்தது. ஆகவே அக்காலத்தில் ஜெர்மனி ஆசான்; அமெரிக்கா மாணாக்கன்.

இருபதாம் நூற்றாண்டில் ஓட்டம் இருபுறமும் செல்லலாயிற்று. 1925-இல் ஹைடல்பர்க் நகரில், இளைஞரை வெளி தேசக் கலாசாலைகளுக்கு அனுப்புவதற்கென ஒரு ஸ்தாபனம் தொடங்கப் பெற்றது. 1933-இல் ஹிட்லரின் ஆட்சி வந்தபின் அதுவும் கட்சிப் பிரசாரத்துக்குக் கருவியாகி, 1945-இல் மறைந்து, 1950-இல் பான் நகரில் புத்துயிர் பெற்றது. அமெரிக்காவிலோ, செனட்டர் ஃபுல்பிரைட் என்பார் 1946-இல் கொணர்ந்த சட்டத்தின் கீழ், 1952-இல் மேற்கு ஜெர்மனியோடு மாணாக்கர் பரிவர்த்தனை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் கொன்று குவித்த இரு ஜனசமூகத்தார் தம் பிள்ளைகளை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் அனுப்பிவைக்கத் துணிந்தனர் என்பதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். ஆனால் ஒன்று. பரிவர்த்தனை என்பது ஒரு பாத்திரம். அதில் பாலையும் வார்க்கலாம், நஞ்சையும் வார்க்கலாம் என்பதற்கு 1933-க்குப் பின் நடந்ததே சாட்சி. ஊர் விட்டு ஊர் போவதனாலேயே ஒருவனுக்கு ஞானம் வந்துவிடாது.

விடுதி வாசம்

ஜெர்மனியில் வகுப்புகள் பெரும்பாலும் ஜூலை மாத மத்தியில் முடிவடைகின்றன. அமெரிக்காவில் புதிய பருவம் ஆகஸ்டு கடைசியில் தொடங்குகிறது. இடையில் அமெரிக்க விடுதிகள் வெறுமையாகக் கிடக்கும். அவ்வறைகளையே இவர்களுக்குத் திறந்து விட்டனர்.

ஜெர்மானிய மாணாக்கருக்கு முதல் வியப்பு அறையிலேயே காத்திருந்தது. அவர்கள் தேசத்தில் மாணாக்கர் மூவர் நால்வர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டாலும், ஆளுக்கு ஓர் அறையும் அதற்கொரு கதவும் இருக்கும். அமெரிக்கக் கலாசாலையிலோ ஓரறையில் இரண்டு கட்டில். மற்றைய கட்டிலில் முன்பின் அறியாத ஒருவர். கோடையில் கலாசாலையிலேயே தங்கி வேலை செய்து பொருளீட்டும் அமெரிக்க மாணாக்கரோடு இவர்களை ஒருவருக்கொருவராகச் சேர்த்து வைத்தனர்.

இரண்டாம் நாளே வழக்கு மூண்டது. வழக்கின் பொருள் ஜன்னல்! ஜெர்மானியருக்குக் காலையும் மாலையும் ஜன்னலைத் திறந்து புதிய காற்றை உள்ளே விடாவிட்டால் உயிர் தரிக்காது. அமெரிக்கருக்கோ குளிர்சாதன யந்திரம் ஓடும்போது ஜன்னலைத் திறப்பது காசை வீதியில் எறிவது போலாகும். வெளியே 90 பாகை வெப்பம். நம் கணக்கில் 32. உள்ளே 68 பாகை. நம் கணக்கில் 20. வெயிலில் நடந்து வியர்த்து வருவோர் அறையில் கம்பளிச் சட்டை அணிந்து அமர்ந்திருந்த காட்சியைக் கண்டு நான் நகைத்தேன்.

அவ்வழக்கு தீர்ந்த விதம் உங்கள் கவனத்துக்குரியது. ஓரறையில் குடிபுகும் இருவரையும் எதிரெதிரே அமர்த்தி, எப்போது விளக்கணைப்பது, விருந்தினர் எதுவரை இருக்கலாம், எவருடைய பண்டத்தை எவர் எடுக்கலாம் என்பன போன்றவற்றைப் பேசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடச் செய்வது அமெரிக்க விடுதிகள் பலவற்றில் வழக்கம். "சிநேகிதருக்குள் பத்திரம் எதற்கு?" என்று ஜெர்மானியர் முகஞ்சுளித்தனர். ஆயினும் அத்தாளில், "காலை ஏழு முதல் ஏழேகால் வரை ஜன்னல் திறந்திருக்கும், யந்திரம் நின்றிருக்கும்" என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டபின் சச்சரவு ஒழிந்தது. மனத்தாங்கலை மனத்திலே வைத்து வளர்ப்பதினும் மேசைமேல் வைத்து எழுதிவிடுவது மேலென்பதை அவர்கள் கற்றனர். கூட்டுக் குடும்பத்திலே வாழ்ந்த நானும் சிறிது கற்றேன்.

அமெரிக்கர் கற்றதும் உண்டு. ஜெர்மனியில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பானப் புட்டிகளுக்கு 2003 முதல் ஈட்டுப் பணம் வாங்குகின்றனர். காலிப் புட்டியைத் திருப்பினால் 25 சென்ட் கிடைக்கும். பென்ஸில்வேனியாவில் அவ்வித ஏற்பாடு கிடையாது. புட்டியைக் குப்பையில் போடக் கை வராமல், ஒவ்வொரு ஜெர்மானியரும் அறை மூலையில் காலிப் புட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தனர். அமெரிக்கத் தோழர் முதலில் பரிகசித்தனர். மூன்றாம் வாரத்தில் அவர்களே தண்ணீர்ப் புட்டி வாங்குவதை நிறுத்திக் குழாய் நீரைப் பிடித்துக் குடிக்கலாயினர்.

போஜனசாலை

காலை ஏழரை மணிக்குப் போஜனசாலை திறக்கும். வாயிலில் அட்டையைக் காட்டி உள்ளே சென்றால், வேண்டியதை வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மானியர் ரொட்டிப் பிரியர். புளிப்பேறிய ரை ரொட்டியும் பல தானிய ரொட்டியும் உண்டு பழகிய அவர்களுக்கு, பஞ்சு போன்று மெத்தென்று இனிக்கும் அமெரிக்க ரொட்டி பெருந்துயரம் விளைவித்தது. தண்ணீர்க் குவளையில் பாதிக்குமேல் ஐஸ் கட்டி நிறைந்திருப்பதும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. இவற்றையெல்லாம் விட அவர்களை வருத்தியது, தட்டில் மீந்து குப்பைக்குப் போன உணவு. "இது பாபமல்லவா?" என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். உலகத்துத் தாய்மார் யாவரும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள் போலும் என்று எண்ணினேன்.

ஒருநாள் நண்பகல், அதே பையன் எச்சில் தட்டுகளைக் கொண்டுபோய் வைக்குமிடத்தில் திகைத்து நின்றான். உள்ளே ரப்பர் உறை அணிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தவன் அவனுடைய அறைத் தோழன்! காலையில் வகுப்பில் அருகருகே அமர்ந்து பேராசிரியரோடு தர்க்கித்தவன், நண்பகலில் பாத்திரம் கழுவுகிறான். மாலையில் நூல்நிலையத்தில் மீண்டும் அருகில் வந்து உட்கார்ந்தான். அவன் வெட்கப்படவுமில்லை, பேராசிரியர் அவனை ஏளனமாகப் பார்க்கவுமில்லை. "கையால் செய்யும் வேலை இழிவன்று" என்று மேடைதோறும் பேசுகிறோம். அங்கே அதனைப் பேசக் கேட்டிலேன்; செய்யக் கண்டேன்.

ஆனால் கதை அவ்வளவில் முடியவில்லை. அன்றிரவு உணவின்போது அந்த ஜெர்மானியப் பையன், "எங்கள் தேசத்தில் அரசாங்கச் சர்வகலாசாலைகளில் போதனைச் சம்பளம் இல்லை, மாணாக்கர் இப்படி உழைக்க வேண்டியதில்லை" என்று சற்றுப் பெருமிதத்தோடு கூறினான். அவன் சொன்னது பெரும்பாலும் மெய்யே. உள்நாட்டு மாணாக்கருக்கு முதற்பட்டச் சம்பளம் விதித்திருந்த மாகாணங்களில் கடைசியானதும் 2014-இல் அதனை நீக்கிவிட்டது. (வெளி தேசத்தார் அறிய வேண்டியது: ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் புறம்பானவரிடம் பாடன்-வூர்ட்டம்பர்க் மாகாணம் 2017-இலிருந்து பருவத்துக்கு 1,500 யூரோ வாங்கத் தொடங்கியது.) அமெரிக்காவிலோ மாணாக்கர் பட்ட கல்விக் கடன் மொத்தம் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கோடி டாலருக்கு மேல். அமெரிக்கப் பையன் தன் கடன் இவ்வளவென்று சொன்னபோது மேசையில் பேச்சடங்கிவிட்டது.

சற்று நேரம் கழித்து அவன் ஒரு கேள்வி கேட்டான். "உங்கள் பதினான்கு பேரில், குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலை மிதித்தவர் எத்தனை பேர்? இந்த மேசையிலிருக்கும் எங்கள் ஐவரில் மூவர்." ஜெர்மானியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். உயர்ந்த கை இரண்டே. ஜெர்மனியில் பெரும்பாலான மாகாணங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், அதாவது பத்து வயதிலேயே, பிள்ளை இன்னவகைப் பள்ளிக்குரியதென்று பிரித்துவிடுகின்றனர். படித்த வீட்டுப் பிள்ளைகளே அப்பிரிவில் பெரிதும் முன்னே செல்கின்றனர் என்பது அந்நாட்டறிஞரே நெடுங்காலமாகக் குறைகூறி வருவது. ஒரு தேசத்தில் வாயிலிலே கட்டணம் கேட்கிறார்கள். மற்றொரு தேசத்தில் கட்டணம் இல்லை. வாயிலுக்குப் போகும் வழியிலே பலர் நின்றுவிடுகிறார்கள். ஒரு மேசையில் உட்கார்ந்து உண்ணாதிருந்தால் இவ்விரு பையன்களும் இதனை அறிந்திரார். தத்தம் தேசமே சிறந்ததென்று பாடிக்கொண்டே முதுமை எய்தியிருப்பர்.

வகுப்பும் வீதியும்

வகுப்பைப் பற்றிச் சில சொற்கள். ஜெர்மனியில் விரிவுரை முடிந்ததும் மாணாக்கர் கை முட்டியால் மேசையைத் தட்டித் தம் மகிழ்ச்சியைத் தெரிவிப்பர். முதல் நாள் வகுப்பு முடிவில் பதினான்கு பேரும் ஒருமிக்கத் தட்டினர். அமெரிக்கப் பேராசிரியர் யாரோ கதவைத் தட்டுகிறார் என்று எண்ணி, போய்த் திறந்து பார்த்தார்! மதிப்பெண்ணிலும் ஒரு வேடிக்கை. ஜெர்மனியில் 1.0 என்பது தலைசிறந்த மதிப்பு, 4.0 என்பது தட்டுத் தடுமாறித் தேறியதற்கு அடையாளம். அமெரிக்காவில் 4.0 தான் சிகரம். "நான் 4.0 வாங்கினேன்" என்று ஓர் அமெரிக்கப் பெண் மகிழ்ந்து கூற, அவளுடைய ஜெர்மானியத் தோழி அவள் தோளைத் தொட்டு, "வருந்தாதே, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆறுதல் சொன்னாள்.

ஜெர்மனியில் பல பாடங்களுக்குப் பருவ முடிவில் ஒரே பரீட்சை. இடையில் படிப்பதும் படியாததும் மாணாக்கன் பொறுப்பு. அமெரிக்காவில் வாரந்தோறும் சிறு பரீட்சை, வருகைப் பதிவு, வகுப்பிலே வாய் திறந்து பேசுவதற்கும் ஒரு மதிப்பெண். "எங்களைக் குழந்தைகளாக நடத்துகிறார்கள்" என்று முதல் வாரம் முணுமுணுத்தனர். மூன்றாம் வாரத்தில், "எங்கள் பெயர் பேராசிரியருக்குத் தெரிந்திருக்கிறது, ஊரில் எங்களை அறிந்த ஆசிரியர் எவருமில்லை" என்றனர். அவர்கள் பாஷையில் நம் தமிழிற் போலவே 'நீ' என்பதும் 'நீங்கள்' என்பதும் வேறு வேறு. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். பேராசிரியரையும் தோழனையும் ஒரே சொல்லால் அழைக்கும்போது முதலில் நாக் கூசியதாம்.

ஒருநாள் அவர்களில் நால்வர் இரண்டு மைல் தொலைவிலிருந்த கடைக்கு நடந்தே புறப்பட்டனர். நடைபாதை பாதி வழியில் முடிந்துபோயிற்று. சாலையோரப் புல்லில் நடந்தனர். மூன்று மோட்டார் வண்டிகள் நின்று, "ஏதேனும் விபத்தா? உதவி வேண்டுமா?" என்று விசாரித்தன. காலிருப்பது நடப்பதற்கென்று அங்கே எவரும் எண்ணுவதில்லை போலும் என்று அவர்கள் சிரித்தனர். ஆயினும் முன்பின் அறியாத மூவர் வண்டியை நிறுத்தி விசாரித்ததை அவர்கள் மறக்கவில்லை. கடையில் இரண்டு டாலர் என்று எழுதியிருந்த குறிப்புப் புத்தகத்துக்கு இரண்டு டாலரும் 12 சென்ட்டும் கேட்டனர். நூற்றுக்கு ஆறு வீதம் வரி பின்னர்ச் சேரும். ஜெர்மனியில் எழுதிய விலையே கொடுக்கும் விலை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறந்திருந்தது இன்னொரு வியப்பு. அவர்கள் தேசத்து அரசியல் சட்டமே ஞாயிறு ஓய்வைக் காக்கிறது. பதினாறு வயதில் பீர் வாங்க உரிமை பெற்ற அவர்களுக்கு, அமெரிக்காவில் இருபத்தொன்று நிரம்பும் வரை அது கிடையாதென்றதும் மற்றுமோர் அதிர்ச்சி. இதனைக் கேட்டு இங்குள்ள தாய்மார்கள் அமெரிக்காவை வாழ்த்துவார்கள் என்று நம்புகிறேன்.

ஒரு கேள்வி

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்லுகிறேன்.

அக்கூட்டத்தில் டூயிஸ்பர்க் நகரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். முன்பு மேசையில் உயர்ந்த இரண்டு கைகளில் ஒன்று அவளுடையது. ஜெர்மனி 1961-இல் துருக்கியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி எஃகு ஆலை வேலைக்கு வந்தவர் அவளுடைய பாட்டனார். ஜெர்மனியின் 1913-ஆம் ஆண்டுச் சட்டம் வமிசத்தைக் கொண்டே பிரஜா உரிமை வழங்கியது. 2000-ஆம் ஆண்டில்தான், அங்கே பிறந்த அந்நியர் பிள்ளைகளுக்கும் சில நிபந்தனைகளோடு பிறப்பினால் உரிமை கிடைத்தது. அதன்பின் பிறந்தவள் அவள். சட்டப்படி பிறவி ஜெர்மானியப் பெண்.

வந்த முதல் நாள், அவளுடைய அறைத் தோழி போஜனசாலையில் எங்களுக்கு அவளை அறிமுகம் செய்வித்தாள்: "இவள் என் ஜெர்மானியத் தோழி." அவ்வளவுதான். அப்பெண் ஒன்றும் பேசாமல் அமர்ந்துவிட்டாள். சில நாள் கழித்து என் மகளிடமும் என்னிடமும் சொன்னாள்: "என் ஊர் டூயிஸ்பர்க் என்று எங்கள் தேசத்தில் நான் சொன்னால், 'அது சரி, உண்மையில் எந்த ஊர்?' என்று கேட்பார்கள். அந்த இரண்டாம் கேள்வி கேளாமல் என்னை ஜெர்மானியப் பெண் என்று ஒருவர் சொல்ல நான் கேட்டது இங்கேதான் முதல் தடவை."

இதனைக் கேட்டு நான் அமெரிக்காவைப் புகழ வாயெடுத்தேன். அதற்குள் அறைத் தோழி குறுக்கிட்டாள். அவள் பிலடெல்பியா நகரத்துக் கறுப்பினப் பெண். "உனக்கு இங்கே கிடைத்தது எனக்கு இங்கே கிடைப்பதில்லை. என் முன்னோர் இந்த மண்ணுக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. இன்றும் நான் கடைக்குள் நுழைந்தால் என் பின்னால் ஒருவர் வந்துகொண்டேயிருப்பார்" என்றாள். விருந்தினரிடம் காட்டும் தாராளத்தை வீட்டாரிடம் காட்டுவது எல்லாத் தேசத்தாருக்கும் கடினமாகவே இருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் எல்லோருமாகப் பிலடெல்பியாவின் ஒரு பகுதியாகிய ஜெர்மன்டவுனுக்குச் சென்றோம். ஜெர்மனியின் க்ரேஃபெல்ட் நகரிலிருந்து வந்த பதின்மூன்று குடும்பத்தார் 1683-இல் குடியேறிய ஊர் அது. ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1688-இல், அவ்வூரார் நால்வர் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்திட்டனர். பிறர் நமக்குச் செய்ய விரும்பாததை நாம் பிறருக்குச் செய்யலாகாது என்பதே அதன் சாரம். அமெரிக்க ஆங்கிலக் குடியேற்றங்களில் அடிமைத்தனத்தை எதிர்த்தெழுந்த முதல் எழுத்துமூலக் கண்டனமாக அதனைச் சரித்திரக்காரர் போற்றுகின்றனர். அவர்களுடைய மார்க்கச் சபையார் விஷயம் பாரதூரமானதென்று சொல்லி அதனை ஒதுக்கி வைத்துவிட்டனர். காகிதம் மறக்கப்பட்டு 1844-இல் தான் மீண்டும் அகப்பட்டது. ஆயினும் அதே சபையார் 1776-இல், தம்முள் எவரும் அடிமைகளை வைத்திருக்கலாகாதென்று விதித்தனர். வந்தேறிகளாய் வந்த நால்வர் கண்ணுக்குப் பட்டது, அங்கேயே ஊறியவர் கண்ணுக்குப் பட எண்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

இதற்கு ஒத்த மற்றொரு சரித்திரமும் உண்டு. டீட்ரிக் போன்ஹோஃபர் என்னும் ஜெர்மானிய இளைஞர் 1930-இல், தம் இருபத்துநான்காம் வயதில், நியூயார்க்கிலுள்ள யூனியன் வேதசாஸ்திரக் கலாசாலைக்கு ஓராண்டு பரிவர்த்தனை மாணாக்கராக வந்தார். கறுப்பினத் தோழர் ஒருவரோடு ஹார்லெம் பகுதிக்குச் சென்று அங்குள்ளார் ஆலயத்தில் பணி செய்தார். ஓர் உணவுச்சாலையில் அத்தோழருக்கு உணவு பரிமாற மறுத்தபோது, தாமும் உண்ணாமல் எழுந்து வெளியேறினார் என்று அவருடைய சரித்திரம் கூறுகிறது. ஊர் திரும்பிய அவர், 1933-இல் யூதரை ஒதுக்கும் சட்டங்கள் வந்தவுடனே அவற்றை எதிர்த்து எழுதினார். மகாத்மா காந்தியடிகளும் 1934-இல் அவரைத் தம் ஆசிரமத்துக்கு வருமாறு அழைத்துக் கடிதம் எழுதினார், வர வாய்க்கவில்லை. 1945 ஏப்ரல் 9-ஆம் நாள் ஹிட்லரின் ஆட்கள் அவரைத் தூக்கிலிட்டனர். அந்நிய தேசத்தில் ஒரு மேசையைவிட்டு எழுந்த கால்கள் தம் சொந்த தேசத்திலும் உறுதியாக நின்றன.

ஜெர்மன்டவுனிலிருந்து திரும்பும் வழியில் அந்த டூயிஸ்பர்க் பெண் என் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். "ஐயா, உங்கள் தேசத்திலும் 'உண்மையில் எந்த ஊர்' என்று கேட்பதுண்டா?" என்று வினவினாள்.

அன்பர்களே! நான் என்ன விடை சொல்வேன்? நாம் ஊரைக் கேட்கிறோம். ஊர் தெரிந்ததும் தெருவைக் கேட்கிறோம். தெரு தெரிந்ததும், அங்கே இன்னாரைத் தெரியுமா என்கிறோம். நாம் அறிய விரும்புவது ஊருமன்று, தெருவுமன்று என்பதைக் கேட்பவரும் அறிவார், சொல்பவரும் அறிவார். முப்பத்திரண்டு ஆண்டுகளாக, ஆண்டின் முதல் நாள் வகுப்பில், புதுப் பையன்களை எழுப்பி நிறுத்தி நான் கேட்ட முதற் கேள்வி அதுவே. தீய எண்ணத்தோடு கேட்டேனல்லேன், பழக்கத்தால் கேட்டேன். சில பையன்கள் தலை நிமிர்ந்து சொன்னார்கள். சிலர் தரையைப் பார்த்துச் சொன்னார்கள். தரையைப் பார்த்த முகங்கள் அன்று அந்த வண்டியில் என் முன்னே வந்து நின்றன. "உண்டு, அம்மா, நானே கேட்டிருக்கிறேன்" என்று சொன்னேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

முடிவுரை

நான்காம் வாரக் கடைசியில் ஜெர்மானியர் புறப்பட்டனர். அதே நாளில் அமெரிக்கப் புது மாணாக்கர் வந்து இறங்கினர். தகப்பனும் தாயும் மோட்டாரில் மெத்தை, தலையணை, மின்விசிறி முதலியவற்றை ஏற்றிவந்து, பிள்ளையின் கட்டிலைத் தாமே விரித்துக் கொடுத்துக் கண் கலங்கினர். "நான் ஒரு பெட்டியோடு தனியே ரயிலேறிப் போய்ச் சேர்ந்தேன்" என்று ஒரு ஜெர்மானியப் பையன் சிரித்தபடி சொன்னான்; அவன் கண்ணும் கலங்கியிருந்தது. ஜன்னல் வழக்காடிய இருவரும் அந்த ஒப்பந்தத் தாளை இரண்டாகக் கிழித்து, ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டனர்.

நம் பிள்ளைகள் வெளி தேசம் சென்று திரும்பும்போது, என்ன பட்டம், என்ன சம்பளம் என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதே. அவற்றோடு, "யாரோடு ஓரறையில் இருந்தாய்? யாரோடு உண்டாய்? அவர்களிடம் என்ன கற்றாய்? நீ என்ன கொடுத்தாய்?" என்றும் கேட்போமாக. தன் கூட்டத்தாரோடு மட்டும் சமைத்து உண்டு, தன் கூட்டத்தாரோடு மட்டும் பேசித் திரும்பியவன், கடல் கடந்தும் வீட்டைவிட்டுப் புறப்படாதவனேயாவான்.

கடைசியாக, சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் முன்னோர் காசுக்குக் காசு சேர்த்து நம் பிள்ளைகளுக்காக எழுப்பிய விடுதி நமக்கு இருக்கிறது. அதனால் எத்தனை குடும்பங்கள் தலையெடுத்தன என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. நானும் அதன் சோற்றை உண்டு படித்தவனே. ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் அதன் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. அந்த இரண்டு மாதமேனும், பரீட்சைக்குப் படிக்க இடமின்றித் தவிக்கும் பிற சமூகத்துப் பிள்ளைகள் சிலருக்கு அவற்றைத் திறந்து விட்டு, நம் பிள்ளைகள் சிலரையும் அவர்களோடு ஓரறைக்கு இருவராகத் தங்கச் செய்து, ஒரே பந்தியில் உண்ணச் செய்யலாகாதா? விமானச் செலவில்லாத பரிவர்த்தனை அது. பெரியோர்கள் இதனை உடனே ஏற்கவேண்டுமென்று நான் கேட்கவில்லை. பாரதூரமான விஷயமென்று ஒதுக்கி வைத்துவிடாமல், அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எடுத்துப் பேசவேண்டுமென்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இசைவு கிடைத்தால், முதல் ஆண்டில் தங்கும் பிள்ளைகள் நால்வரின் உணவுச் செலவை என் ஓய்வூதியத்திலிருந்து நான் ஏற்றுக்கொள்கிறேன். அப்பிள்ளைகள் வரும் நாளில் வாயிலில் நின்று வரவேற்கும் பணியையும் எனக்கே தாருங்கள். அவர்கள் பெயரைக் கேட்பேன், என்ன படிக்கிறார்கள் என்று கேட்பேன், ஊரைக் கேட்கமாட்டேன்.